மாட்டுக்குச் சொன்ன நாள் கோழிக்குப் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாலிலும் முட்டையிலும் தங்கும் ஆன்டிபயாடிக் எச்சம் குறித்துத் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையை வரவேற்கிறோம். அதிலிருந்த ஒரு வரிதான் எங்களை எழுதவைத்தது. ஊசி போட்டபின் மூன்று நாள் ஒதுக்கினால் போதும், மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும் என்கிறது அந்த வரி. எந்த மருந்து, எந்தப் பிராணிக்கு, எவ்வளவு, எந்த வழியில் என்று எதுவும் சொல்லாமல் நாள் கணக்கை மட்டும் சொன்னால், அது மாட்டுத் தொழுவத்திலிருந்து ஆட்டுப்பட்டிக்கும் கோழிப்பண்ணைக்கும் மீன்குளத்துக்கும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். கால்நடை மருந்தியல் படித்து அதையே தொழிலாகக் கொண்ட நாங்கள், இந்த வரியைத் திருத்த வேண்டியது அவசியம் என்று நினைக்கிறோம்.

ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். டிரைமெத்தோபிரிம் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். சல்பா மருந்தோடு ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் கலந்து மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் தரப்படுவது இது. மனித உடலில் இதன் அரை ஆயுள் சுமார் 10 மணி நேரம். நாயில் 4 மணி நேரத்தை ஒட்டி, குதிரையில் 3, மாட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், வெள்ளாட்டில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மனிதனுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதுமான இந்த மருந்து, வெள்ளாட்டின் உடம்பில் ஆறு மணி நேரத்துக்குள் அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. கூட வந்த சல்பா அதற்குப் பிறகும் நெடுநேரம் இருக்கும். இரண்டும் சேர்ந்து தாக்கினால்தான் முழுப் பலன் என்று தயாரிக்கப்பட்ட கூட்டு மருந்து, பாதி வழியில் ஒற்றை மருந்தாகிவிடுகிறது. ஆட்டுக்கு நோய் தீராததற்கு மருந்தின் தரத்தைக் குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தழையையும் புல்லையும் தின்னும் பிராணிகள் அவற்றிலுள்ள நச்சுப் பொருட்களைச் சமாளிக்க வேண்டியிருப்பதால், அவற்றின் கல்லீரல் நொதிகள் இத்தகைய மருந்துகளை வேகமாகச் சிதைக்கின்றன. வயதும் இதில் சேரும். பிறந்த அன்று கன்றுக்குட்டியின் உடலில் டிரைமெத்தோபிரிமின் அரை ஆயுள் 8 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஆறு வாரம் ஆவதற்குள் அது ஒரு மணி நேரத்துக்குக் குறைந்துவிடுகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கிறது.

தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை இனிச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பசு, எருமை, ஆடு, கோழி, நாய் என எல்லாவற்றுக்கும் கைக்கு வருவது இந்த மருந்துதான். மாட்டின் கல்லீரல் இதிலிருந்து ஓர் எத்தில் தொகுதியை நீக்கிவிடும். அப்போது கிடைப்பது சிப்ரோஃப்ளாக்சசின். டைபாய்டுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மனிதர்களுக்கு எழுதித் தரப்படும் அதே மருந்துதான். மாட்டில் இந்த மாற்றம் பெருமளவில் நடக்கிறது. பன்றியில் மிகக் குறைவு. கோழியில் என்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் மாறாமலே இருக்கிறது. ஊசி போட்ட பசுவின் பாலில் என்ரோஃப்ளாக்சசினைவிட சிப்ரோஃப்ளாக்சசின்தான் அதிகமாக இருக்கும். என்ரோஃப்ளாக்சசினை மட்டும் தேடும் பரிசோதனை பசும்பாலில் பாதிக்கு மேல் தவறவிடும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் பாலில் எச்ச வரம்பை இரண்டின் கூட்டுத்தொகையாக வைத்திருக்கிறது: கிலோவுக்கு 100 மைக்ரோகிராம்.

ஐரோப்பாவில் இந்த மருந்தின் மூல நிறுவனத் தயாரிப்புக்கு விதிக்கப்பட்டுள்ள காத்திருப்பு நாட்களை, அதாவது கடைசியாக மருந்து கொடுத்தபின் பாலையோ இறைச்சியையோ உணவுக்கு அனுப்பாமல் ஒதுக்க வேண்டிய நாட்களை, வரிசையாகப் பார்த்தால் நாங்கள் சொல்வது விளங்கும். மாட்டுக்கு ரத்தக்குழாயில் போட்டால் பாலுக்கு 3 நாள், இறைச்சிக்கு 5 நாள். அதே மாட்டுக்குத் தோலுக்கடியில் போட்டால் பாலுக்கு 4, இறைச்சிக்கு 12. செம்மறியாட்டுக்குத் தோலுக்கடியில் பாலுக்கு 3, இறைச்சிக்கு 4. வெள்ளாட்டுக்குப் பாலுக்கு 4, இறைச்சிக்கு 6. பன்றிக்குத் தசையில் போட்டால் இறைச்சிக்கு 13. குடிநீரில் கலந்து கொடுத்த இறைச்சிக் கோழிக்கு 7, வான்கோழிக்கு 13. கோழியும் வான்கோழியும் இரண்டும் பறவைதானே என்று ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் ஆறு நாள் பிசகிவிடும்.

அமெரிக்காவில் இதே மருந்துக்கு மாட்டிறைச்சிக்கு 28 நாள், பன்றி இறைச்சிக்கு 5 நாள். அங்கே கொடுக்கும் அளவு வேறு, எந்த உறுப்பில் எந்த வேதிப்பொருளை அளக்கிறார்கள் என்பதும் வேறு. 20 மாதமும் அதற்கு மேலும் ஆன கறவை இனப் பசுக்களுக்கு அங்கே இந்த மருந்தைப் போடவே கூடாது. கோழிக்குப் போடும் அனுமதி 2005-ல் திரும்பப் பெறப்பட்டது. மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபேக்டர் கிருமி இந்த வகை மருந்துகளுக்கு அடங்காமல் போனதுதான் காரணம்.

இந்தியாவில் மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி, உணவுக்கான பிராணிகளுக்குத் தரும் மருந்தின் லேபிளில் காத்திருப்புக் காலம் அச்சிடப்பட வேண்டும். குறிப்பிட்ட இனத்துக்கு அந்தக் காலம் நிர்ணயிக்கப்படவில்லை என்றால் பால், முட்டைக்கு 7 நாளுக்குக் குறையக் கூடாது. கோழி, ஆடு, மாடு முதலியவற்றின் இறைச்சிக்கு, கொழுப்பும் உள்ளுறுப்பும் உட்பட, 28 நாளுக்குக் குறையக் கூடாது. மீனுக்கு 500 பாகை-நாள் (தண்ணீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கி வரும் கணக்கு). நல்ல விதி. ஆனால் குறையக் கூடாது என்று சட்டம் சொன்னதை, போதும் என்று சொன்னதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். போதாத இடங்கள் உண்டு.

முட்டை அப்படி ஓர் இடம். வெள்ளைக்கரு, முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள், சில மணி நேரத்தில் சேர்ந்துவிடுவது. அதில் புகும் மருந்து சிகிச்சை முடிந்த இரண்டொரு நாளில் குறைந்துவிடும். மஞ்சள்கரு அப்படியில்லை. கடைசிப் பத்து நாளில்தான் அது வேகமாக வளர்கிறது. எந்த நேரத்திலும் முட்டைக்கோழியின் சினைப்பையில் வெவ்வேறு பருவத்தில் பல கருக்கள் வரிசையில் இருக்கும். இன்று மருந்து குடித்த கோழியின் மிகச் சிறிய கரு பத்து நாள் கழித்துத்தான் முட்டையாக வெளிவரும். மஞ்சள்கருவில் சேரும் மருந்துக்கு 7 நாள் என்ற கணக்கு, கோழியின் உடற்கூற்றை வைத்துப் பார்த்தாலே குறைவு. ஐரோப்பாவில் மனிதர் உண்ணும் முட்டையிடும் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசினுக்கு அனுமதியே கிடையாது. முட்டையிடத் தொடங்குவதற்கு முந்தைய 14 நாளில் இளங்கோழிகளுக்கும் கொடுக்கக்கூடாது. நாமக்கல் வட்டாரப் பண்ணையாளர்கள் இந்த ஒரு தகவலையாவது மருந்து அறையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

சிறுநீரகம் இன்னொரு இடம். ஜென்டாமைசினை எந்தப் பாலூட்டியின் கல்லீரலும் சிதைப்பதில்லை. சிறுநீர் வழியாக அப்படியே வெளியேறும். ரத்தத்தில் அரை ஆயுள் ஒன்று இரண்டு மணி நேரம்தான். இதைப் பார்த்து, மறுநாளே தீர்ந்துவிடும் மருந்து என்று முடிவு கட்டுவது பெரிய பிழை. போகும் வழியில் ஒரு பங்கு சிறுநீரகத்தின் புறப்பகுதிச் செல்களில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இறங்காது. அமெரிக்காவில் உணவுப் பிராணிகளின் மருந்து எச்சம் குறித்து ஆலோசனை தரும் ஃபாராட் அமைப்பு, ஜென்டாமைசின் போட்ட மாட்டை 18 மாதம் வரை இறைச்சிக்கு அனுப்பக்கூடாது என்கிறது. நம் விதியின் 28 நாளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறிக்கடையில் ஈரலோடு கிட்னியையும் கேட்டு வாங்கும் ஊர் நம்முடையது.

மீனுக்கு நாள் கணக்கே பொருந்தாது, அதனால்தான் பாகை-நாள். மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடலில் எல்லாமே மெதுவாகும், மருந்து வெளியேறுவதும்தான். தண்ணீரின் சராசரி வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் 500 வர வேண்டும். சமவெளிக் குளத்தில் 28 டிகிரி என்றால் 18 நாள். நீலகிரியின் டிரவுட் மீன் வளரும் 15 டிகிரித் தண்ணீரில் 34 நாள். பாலூட்டிகளில் சில மணி நேரமே அரை ஆயுள் கொண்ட என்ரோஃப்ளாக்சசின், டிரவுட் மீனில் ஒரு நாளைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது. மீனுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் ஆக்சிடெட்ராசைக்ளினில் மிகச் சிறு பங்கே உடலில் ஏறுகிறது. மிச்சம் கழிவோடு தண்ணீரிலும் சேற்றிலும் சேர்ந்து, அங்குள்ள கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்குகிறது. இறால் வளர்ப்பில் என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தடைப் பட்டியலில் இருப்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

எச்சம் உண்பவருக்குக் கேடு. இனம் மாறிய மருந்து அந்தப் பிராணிக்கே கேடாகும் இடங்களும் உண்டு. பூனைக்கு என்ரோஃப்ளாக்சசின் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. விழித்திரைக்குள் மருந்து சேராமல் வெளியே தள்ளும் ஒரு புரதம் மற்ற பாலூட்டிகளில் சரியாக வேலை செய்கிறது. பூனையில் அதன் அமைப்பு மாறியிருப்பதால் செய்வதில்லை. உள்ளே சேரும் மருந்து வெளிச்சம் பட்டதும் விழித்திரையைச் சிதைக்கிறது. பூனை குருடாகிவிடும்; பெரும்பாலும் பார்வை திரும்புவதில்லை. மாட்டுக்கான 10 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. 4 கிலோ பூனைக்கு ஒரு நாள் உச்சவரம்பே 20 மில்லிகிராம், அதாவது 0.2 மில்லி. தெருப்பூனைக்கு இரக்கப்பட்டு யாரோ ஒரு மில்லி போட்டால் வரம்பைப் போல ஐந்து மடங்கு ஏறிவிடும். குளோராம்பெனிகாலும் பூனைக்கு ஆகாது. அதைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பிறந்த மனிதக் குழந்தைக்கும் அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. அந்த மருந்தால் பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததற்கும் இதுவே காரணம். நாய்க்கு வேறொரு குறை. சல்பா மருந்துகளை அசிட்டைல் ஏற்றி மாற்றும் நொதி நாய்க்கு அறவே இல்லை. சல்பாவால் நாய்களுக்கு, குறிப்பாக டாபர்மேனுக்கு, ஒவ்வாமை வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

தீவன ஆலைகள் கவனிக்க வேண்டியது மொனென்சின். கோழியின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் அளவில் கலக்கப்படும் ஆன்டிபயாடிக் இது. கோழிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வேண்டும். குதிரைக்கு 2 முதல் 3 மில்லிகிராமே போதும். குதிரையின் கல்லீரல் மொனென்சினைச் சிதைப்பதில் மிகவும் மந்தம். மாட்டின் கல்லீரல் வேகம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சவாரிக்கு நிற்கும் 250 கிலோ மட்டக்குதிரை இந்தக் கோழித் தீவனத்தில் 5 கிலோ தின்றால் 500 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 2 மில்லிகிராம் உள்ளே போய்விடும். தீவனத்தை மறுக்கும், வியர்க்கும், இதயத் தசை கெட்டு விழும். முறிவு மருந்து கிடையாது. கோழித் தீவனம் அரைத்த கலவை இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் அடுத்து குதிரைத் தீவனம் அரைக்கக் கூடாது. கோழித் தீவன மூட்டையைக் குதிரைக் கொட்டிலுக்கு அருகே வைக்கவே கூடாது.

கோழிக்குப் பாதுகாப்பான அந்த மொனென்சினே, டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கூடச் சேர்ந்தால் கோழியைக் கொல்லும். மொனென்சினையும் சாலினோமைசினையும் நராசினையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை டியாமுலின் முடக்கிவிடுகிறது. கோழி கால் இழுத்துப் படுத்துவிடும், சாவு தொடரும். பன்றியிலும் இதே ஆபத்து. டியாமுலின் தருவதற்கு முன்னும் பின்னும் குறைந்தது 7 நாள் இந்த மூன்றும் தீவனத்தில் இருக்கக்கூடாது. தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்று ஆலையைக் கேட்காமல் குடிநீரில் மருந்து கலப்பவர்களே இதில் சிக்குகிறார்கள்.

ஆன்டிபயாடிக் இல்லையென்றாலும் டைக்ளோஃபெனாக்கை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. மாடு தாங்கிய அந்த வலி நிவாரணி, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. கால்நடைகளுக்கு அதை 2006-ல் தடை செய்வதற்குள் இந்தியாவின் பாறு கழுகுகளில் மிகப் பெரும் பகுதி போய்விட்டது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றைத்தான் இன்று காப்பாற்றப் பாடுபடுகிறோம்.

நாள் கணக்கைச் சரியாக அறிந்தவர்களும் தவறும் இடங்கள் சில உண்டு. 400 கிலோ பசுவுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 10 சதவீத என்ரோஃப்ளாக்சசின் 20 மில்லி வரும். தோலுக்கடியில் ஓர் இடத்தில் 10 மில்லிக்கு மேல் போடக்கூடாது. இருபதையும் ஒரே இடத்தில் இறக்கினால் அங்கேயே தேங்கி மெல்லக் கரையும். லேபிளில் உள்ள நாள் செல்லாது. நீர்ச்சத்து வற்றிய மாடு, கல்லீரலோ சிறுநீரகமோ கெட்ட மாடு மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும் டியூப் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும், ரத்தத்தின் வழியே மற்ற காம்புகளுக்கும் போகும். சல்பா கொடுத்த பன்றிகளைக் கொட்டகையைக் கழுவாமல் அங்கேயே விட்டால், மூத்திரத்திலும் சாணத்திலும் வெளியேறிய மருந்தைத் திரும்பத் தின்று எச்சத்தைப் புதுப்பித்துக்கொள்கின்றன. காத்திருப்புக் காலம் தொடங்கும்போதே இடத்தை மாற்ற வேண்டும்.

பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பது என்ரோஃப்ளாக்சசினுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் செல்லாது. இரண்டும் சூட்டைத் தாங்குபவை. தயிர் உறைந்துவிட்டதால் பால் சுத்தம் என்று கொள்வதும் தவறு. பால் சேகரிப்பில் உலகெங்கும் பயன்படும் ஒருவகைப் பரிசோதனையில், ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியா பாலில் வளர்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பெனிசிலின் இருந்தால் அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். என்ரோஃப்ளாக்சசின் வரம்புக்கு மேல் இருந்தாலும் அந்த பாக்டீரியா பெரும்பாலும் கலங்காது. அந்தப் பரிசோதனையில் தேறிய பாலை எல்லா ஆன்டிபயாடிக்கும் இல்லாத பால் என்று அச்சிடுவது வாசகரைத் தவறாக வழிநடத்தும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். இனி மருந்தின் காத்திருப்பு நாளை அச்சிடும்போது பிராணியின் இனம், கிலோவுக்குக் கொடுத்த அளவு, செலுத்திய வழி, பாலா முட்டையா இறைச்சியா என்ற நான்கையும் சேர்த்தே அச்சிடுங்கள். நான்கில் ஒன்று கிடைக்காவிட்டாலும் நாளைச் சொல்லாமல், கால்நடை மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். மருந்து நிறுவனங்கள் லேபிளில் இந்த விவரத்தை இனவாரியாகத் தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று தலையங்கத்திலும் எழுதுங்கள். கட்டைவிரல் அளவுக் குப்பியில் இடமில்லை என்றால் பெட்டிக்குள் ஒரு தாளாக வைக்கலாம். பண்ணையாளர் பக்கத்தில் ஒரு நோட்டு போதும்: பிராணியின் காதுவில்லை எண், மருந்தின் பெயர், மில்லி, போட்ட இடம், கடைசி ஊசியின் தேதியும் நேரமும், பால் அல்லது இறைச்சி விற்கத் தொடங்கும் தேதி. முதல் ஊசியிலிருந்து நாளை எண்ணக்கூடாது. கடைசி ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருந்தியல் துறையினர் சிலர்,
நாமக்கல் மாவட்டம்.